குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு வங்கா நரி

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் வருடம் நான் ஒரு விலங்கைக்கூட நேரில் பார்க்கவில்லை. சென்னையில் குளிரூட்டிய ஓர் அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாடு முழுக்க யார் யாரோ, எந்தெந்தக் காலத்திலோ, எந்தெந்த விலங்கிடமிருந்தோ எடுத்துப் படித்துப் பொதுவில் போட்டு வைத்திருந்த மரபணுத் தகவல்களைத் திரட்டுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரே இன விலங்குகளுக்குள் எந்தப் பகுதியில் மரபணு வேறுபாடு அதிகம், எந்தப் பகுதியில் குறைவு என்று பார்க்க வேண்டும். அதற்காக இந்தியாவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த ஒரு வரைபடம் வைத்திருந்தேன். வேறுபாடு நிறைந்த கட்டத்துக்கு அடர் பச்சை, குறைந்ததற்கு மஞ்சள். தகவலே இல்லாத கட்டம் வெள்ளையாகவே இருக்கும்.

வருடக் கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலை பச்சையாக எழுந்து நின்றது. அதற்குக் கிழக்கே, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்துக்கு இந்தப் பக்கம், நான் பிறந்து வளர்ந்த தருமபுரி மாவட்டத்தின் மேல் பெரும்பாலும் வெள்ளைக் கட்டங்கள்.

என் ஆய்வு வழிகாட்டி ஒரு பேராசிரியை. அதிகம் பேசமாட்டார். அன்று என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்தானே அது? அங்க ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம். யாரும் வந்து பாக்கலை" என்றேன்.

அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்படித்தான் வங்கா நரிக்கு வந்து சேர்ந்தேன். புத்தகங்களில் குள்ளநரி என்று இருக்கும். சேலம், தருமபுரிப் பக்கம் வங்கா நரி என்பார்கள். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, வால் நுனி மட்டும் கறுப்பு. அடர்ந்த காட்டில் அது இருக்காது. முள்ளுப் புதர், கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக் குன்றுகளின் அடிவாரம், உழாமல் கிடக்கிற நிலம், இவைதான் அதன் இடம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த நிலங்களுக்கெல்லாம் தரிசு என்று பெயர். தரிசு என்றால் ஒன்றுமில்லாதது. ஒன்றுமில்லாத இடத்தில் கல் உடைக்கலாம், மனை போடலாம், சூரிய மின்தகடு நிறுத்தலாம். யானைக்கும் புலிக்கும் ஆள் இருக்கிறார்கள். தரிசில் வாழ்கிற ஒன்றுக்கு யாருமில்லை, நானாவது இருப்பேன் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. மழையை நம்பிய நிலத்தை எங்கள் ஊரில் காடு என்றுதான் சொல்வோம். அந்தக் காட்டில் குச்சிக்கிழங்கு போடுவார். மரவள்ளி என்று மற்ற ஊர்களில் சொல்வார்களே, அதுதான். ஒருமுறை லீவில் போயிருந்தபோது நடவுக்காகக் குச்சிகளைச் சாண் சாணாக வெட்டிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, நீ என்னா படிக்கறேன்னு கேக்கறாங்க. நான் என்னான்னு சொல்றது?"

எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் காடு மொத்தமும் ஒரே செடியில இருந்து வெட்டுன குச்சி. மாவுப்பூச்சி வந்துச்சுன்னா ஒண்ணு உடாம எல்லாம் போவுது. கலந்து நட்டிருந்தா நாலு செடியாவது நிக்கும். அதத்தான் நீ நரிக்குப் பாக்கற. சரியா?"

"சரிங்கப்பா. அதேதான்."

"அப்ப சொல்லிருவேன்" என்று மறுபடி வெட்ட ஆரம்பித்தார். என் முதல் கருத்தரங்கில் நாற்பது படங்கள் போட்டு நான் சொன்னதை அவர் ஒரு குச்சியில் சொல்லிவிட்டார்.

வனத்துறையின் அனுமதி வர மாதங்கள் ஆயின. எச்சம், அதாவது விலங்கின் மலம், மட்டும் எடுக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. உயிரோடு இருக்கும் விலங்கையோ செத்துக் கிடக்கும் விலங்கையோ தொடக் கூடாது. என்னோடு நடப்பதற்கு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரை அனுப்பினார்கள். தற்காலிக வேலை, நாற்பது வயதுக்குள் இருப்பார். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். மனைவியிடம் போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டே தரையைப் பார்த்து நடப்பார். பேச்சின் நடுவே சட்டென்று குனிந்து ஒரு குச்சியால் எதையாவது கிளறுவார்.

"இத பாருங்க மேடம். வண்டு ஓடு இருக்குது, எலந்தக் கொட்ட இருக்குது. நாயி சோறு திங்கும். இது நரிதாங்க."

நான் கையுறை போட்டு அதை எரிசாராயம் ஊற்றிய குப்பியில் எடுத்து, இடத்தையும் நாளையும் எழுதுவேன். மொரப்பூர்ப் பக்கத்துக் கரடுகள், பாப்பாரப்பட்டியைச் சுற்றிய புறம்போக்குகள், அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலைக்கு அந்தப் புறம் மிச்சமிருந்த வெற்று நிலம் என்று இரண்டு மாதம் நடந்தோம். காலை ஆறு மணிக்குப் பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்பார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். போகிற இடமெல்லாம் மக்களைக் கேட்டோம். "வங்கா நரியா? நேத்துகூடக் கத்துச்சே" என்பார் ஒருவர். அடுத்தவர், "அதெல்லாம் இருந்துச்சுங்க. நான் பாத்துப் பத்து வருஷம் ஆவுது" என்பார். இருவருடைய நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருக்கும்.

ஒரு பெட்டி நிறையக் குப்பிகளோடு மொரப்பூரில் ரயில் ஏறி சென்னைக்குப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "ஊறுகாயா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வு முடிவு வர ஆறு வாரம் ஆனது. எல்லாம் நாய். வண்டு ஓடு இருந்ததும் நாய், இலந்தைக் கொட்டை இருந்ததும் நாய். சில குப்பிகளில் எதுவுமே படிக்க முடியவில்லை. காவலருக்குப் போன் செய்து சொன்னபோது, "நாயும் வண்டு திங்குதுங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை.

வழிகாட்டி திட்டவில்லை. "அங்க அது இல்லாமலேகூடப் போயிருக்கலாம். இல்லைன்னு உன்னால எழுத முடியாது. இருக்குன்னும் எழுத முடியாது. அந்தக் கட்டத்தை வெள்ளையாவே விட்டுடு. மத்ததை வெச்சு முடி" என்றார்.

விட எனக்கு மனம் வரவில்லை. மறுவருடமும் போனேன். மறுபடியும் நாய். நாங்கள் போன வருடம் நடந்த ஒரு கரடு அந்த வருடம் பாதி இல்லை, லாரிகளில் ஏறிப் போய்விட்டது. இன்னொரு இடத்தில் மனைக் கற்கள் வரிசையாக நட்டு மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். நான் எடுக்க வந்தது என் கண் முன்னாலேயே கரைந்து போய்க்கொண்டிருக்கிறது, நான் அதன் கடைசி மூலையில் நாய் எச்சம் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்ற ஆரம்பித்தது. தூக்கம் கெட்டது. உடன் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டுரை வெளியிட்டார்கள். நான் வாரக்கணக்கில் ஒரு வரி எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா மட்டும் ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் விடாமல் கேட்பார்.

"கெடைச்சுதா பாப்பா?"

"இல்லீங்கப்பா."

"கெடைக்கும்."

தேட ஆரம்பித்த மூன்றாவது வருடம், மார்ச் மாதம், வருவதாகச் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். விடிகாலை மொரப்பூரில் இறங்கி, தருமபுரி வந்து, பாப்பாரப்பட்டி பஸ் பிடித்து வீட்டை அடைந்தபோது வெயில் வந்துவிட்டது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"என்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?"

"சும்மாதான். அப்பா எங்க?"

"காட்டுல. வந்துருவாரு. நீ வூட்டுக்குள்ள வா, காப்பி போடறேன்."

"பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாம். போவாத." அம்மா என் பையைப் பிடித்துக்கொண்டாள். "போவாதன்னா போவாத."

அம்மா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பையை உதறிக்கொண்டு ஓடினேன்.

அப்பா நன்றாகத்தான் இருந்தார். கிழங்குச் செடிகளுக்கு நடுவே, ஓரத்து வேப்பமரத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டி அவர் கையிலேயே நின்றது. பக்கத்தில் ஓர் உரச்சாக்கு விரித்துக் கிடந்தது. அதன் கீழே ஏதோ இருந்தது. காட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கும் கீழே, சின்னச் சின்ன மூங்கில் குச்சிகளில் மெல்லிய கம்பி ஓடியது. மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு வயர் வந்து அதில் சேர்ந்தது.

நான் சாக்கை விலக்கினேன்.

இரண்டு வருடமாக ஒரு வங்கா நரியை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எவ்வளவு கிட்டத்திலும் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. படங்களில் தெரிந்ததைவிடச் சின்னதாக இருந்தது. வால் நுனி கறுப்பு. மூக்கருகே மயிர் கருகியிருந்தது. பெண். அடிவயிற்றில் மயிர் உதிர்ந்து காம்புகள் புடைத்திருந்தன. விரலால் தொட்டேன், பால் வந்தது.

"பன்னிக்குப் போட்டது பாப்பா" என்றார் அப்பா. "போன வருஷம் பாதிக் காட்ட நோண்டிருச்சு. எல்லாரும் போட்டிருக்கறாங்க. பொழுது சாஞ்சா போட்டு, விடியறதுக்கு முன்ன நிறுத்திருவேன். ஆளுங்க நடமாடற நேரத்துல போடறதில்ல."

அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

"ரெண்டு வருஷமா நீ தேடுனது இதானே? உனக்கு வேணுமின்னா எடுத்துக்க. அந்த டப்பாவெல்லாம் பையில வெச்சிருப்பியே."

அவர் சாமர்த்தியமாகப் பேசவில்லை. செய்துவிட்டதற்கு ஏதாவது ஒரு பயன் இருக்கட்டும், அது மகளுக்குப் போகட்டும் என்ற தவிப்பு. காதோரத்தில் ஒரு சிறு துணுக்கு போதும் எனக்கு. அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"வேணாங்கப்பா" என்றேன். "குட்டி இருக்கு."

"என்னாது?"

"பால் இருக்கு பாருங்க. எங்கயோ வளையில குட்டி இருக்கு."

அப்பா பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கொட்டகையில் வயரைப் பிடுங்கினார். பிடுங்குவதற்கு அவசியமே இல்லை, விடிவதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து நரியைப் புதைத்தோம்.

குட்டி ஈன்ற வங்கா நரி வளையை விட்டு அதிக தூரம் போகாது. ஆண் நரி எலியோ வண்டோ கொண்டு வந்து போடும். பாலை அது கொண்டு வராது. சின்னக் குட்டிகள் என்றால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. படித்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அன்றைக்கே தேட ஆரம்பித்தோம். நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். காட்டை ஒட்டிய தரிசு, அதைத் தாண்டிக் கரடு, கரட்டுக்குப் பின்னால் கைவிட்ட கல் குவாரி. எத்தனை வளைகள்! எலி வளை, உடும்பு வளை, முள்ளம்பன்றி வளை. ஒவ்வொன்றின் முன்னாலும் அப்பா குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்பார். சட்டையெல்லாம் செம்மண். "உள்ள கத்தற மாதிரி இருக்குது, வா, கேளு" என்று இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். நான் படுத்துக் கேட்டேன். என் இதயம் அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

அந்த இடத்தை நன்றாக அறிந்த ஒருவர் இருந்தார். அந்தக் காவலர். வளை எந்தச் சரிவில் இருக்கும், புது மண் எப்படித் தள்ளியிருக்கும், இரை மிச்சத்துக்கு எறும்பு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் மத்தியானமே போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால், குட்டி இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தாய் எங்கே என்று கேட்பார். சட்டம் பாதுகாக்கும் விலங்கு. கம்பியில் மின்சாரம் விட்டதற்கே வழக்கு. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நான் போனைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"கூப்புடாத" என்றாள். "உங்கப்பாவ உள்ள வெச்சிருவாங்க. நரிக்காவ அவரக் காட்டிக் குடுத்துட்டு அப்புறம் நீ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த வூட்டுக்கு வருவ?"

அப்பா கூப்பிடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். முடிவை என் தலையில் விட்டுவிட்டார் என்று அப்போது கோபமாக இருந்தது. மாலையில் மறுபடி எடுத்தேன். மறுநாள் காலையிலும் எடுத்தேன். அவர் பெயர் திரையில் இருந்தது. அழுத்தவில்லை.

ஐந்தாம் நாள் குவாரி ஓரத்தில் ஓர் உண்ணிச்செடிப் புதருக்கு முன்னால் அப்பா உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடிவிட்டு எழவில்லை.

"போதும் பாப்பா. இனிமே இருந்தாலும் உசுரோட இருக்காது."

அடுத்த நாள் சென்னைக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் காவலரிடமிருந்து போன் வந்தது. நான் எடுப்பதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார் போலிருந்தது.

"மேடம், கெடைச்சிருச்சுங்க! வளை! நரி வளையேதாங்க. எச்சம் கெடக்குது நெறைய. ஒடனே வாங்க!"

"எங்க?"

"பழைய குவாரிப் பக்கங்க. உண்ணிப் புதருக்குப் பின்னால. நாம அந்த வழியில எத்தன வாட்டி போயிருக்கறோம், கண்ணுல படல பாருங்க!"

போனேன். அவர் புதரை அரிவாளால் ஒதுக்கி வைத்திருந்தார். தண்ணீர் குடிக்க அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி இருக்கும். வளை வாசலில் பழைய எச்சம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று குட்டிகள். எறும்பு வேலையை முடித்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டபடி எலும்பும் கொஞ்சம் மயிரும்.

"தாய் போயிருச்சுங்க" என்றார் அவர். உற்சாகம் குறைந்து குரல் மாறியிருந்தது. "தாய் இருந்தா இப்பிடி ஒண்ணா சுருண்டு கெடக்காது. சுத்துல எவனோ கம்பி போட்டிருக்கறான்." எழுந்து நின்று சரிவின் கீழே பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வேப்பமரம் தெரியும். "அது யாரு காடுங்க?"

"தெரியலை" என்றேன்.

அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. எங்கள் சந்திப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டில்தான். ஆகவே நம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து எச்சங்களை ஒவ்வொன்றாகக் குப்பியில் எடுத்தேன். எலும்பைத் தொடவில்லை. எல்லாம் அனுமதிச் சீட்டின்படி, முறைப்படி நடந்தது.

இந்த முறை நாய் இல்லை. வங்கா நரிதான். குட்டிகளுடையதும் இருந்தது, வளர்ந்த நரியுடையதும் இருந்தது. அது மட்டுமல்லாமல், நாட்டின் மற்றப் பகுதிகளில் கிடைத்த வங்கா நரிகளின் மரபணுவோடு சேர்த்துப் பார்த்தபோது இது எதனோடும் ஒட்டவில்லை. வழிகாட்டி என் இருக்கைக்கே வந்து திரையைப் பார்த்தார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பாரு, இது தனியா நிக்குது! ரொம்ப காலமா தனியா இருந்து வந்திருக்கு. நல்லவேளை, நீ விடலை. நான் விடச் சொன்னேன், நீ விடலை."

அறையிலிருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் டீ வாங்கி வந்தார். வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்கு அடர் பச்சை வந்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. வேறெங்கும் இல்லாத ஒன்று என் ஊரில் இருந்தது என்று கண்டுபிடித்திருந்தேன். அதில் நான்கை என் வீடு கொன்றது என்பது எனக்கும் என் அம்மா அப்பாவுக்கும் மட்டும் தெரியும். மிச்சம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஆண் நரி ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எங்கே போனது?

ஆய்வேட்டில் மாதிரி கிடைத்த விதத்தை எழுத வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்காக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'கைவிடப்பட்ட வளை' என்று எழுதினேன். யாரும் அதைத் திருத்தவில்லை.

அப்பா கம்பியைச் சுருட்டிக் கொட்டகை மேல் போட்டுவிட்டார். அந்த வருடக் கிழங்கில் முக்கால்வாசியைப் பன்றிகள் நோண்டிவிட்டன. அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்கு எடுத்தவர் வந்த முதல் மாதமே கம்பி கட்டினார். அப்பா போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "நீங்க போடாததாண்ணா?" என்று அவர் கேட்டாராம். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் போவதில்லை. போனில் என்னிடம் நரியைப் பற்றிக் கேட்பதும் நின்றது. சாப்பிட்டாயா என்று கேட்பார். பட்டம் எப்போது தருவார்கள் என்று கேட்பார். அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தை மிகவும் பாராட்டினார். கடைசியாக, "இப்போது அங்கே எத்தனை விலங்குகள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"தெரியவில்லை" என்றேன்.

ஆய்வாளர் இப்படித்தான் அடக்கமாகப் பேச வேண்டும் என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார். கைதட்டினார்கள். பின் வரிசையில் அம்மாவும் அப்பாவும் புது உடையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கைதட்டினாள். அப்பா மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வுக்குத் திரும்பவில்லை. கேட்பவர்களிடம் நேரமில்லை என்று சொல்கிறேன். மரபணு வேறுபாடு பற்றிப் பாடம் எடுக்கும்போது பாடப்புத்தகத்தில் இருக்கும் வெளிநாட்டு உதாரணத்தையே சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன்.

சென்ற வருடம் அதியமான்கோட்டையில் பஸ்ஸுக்காக நின்றபோது காவலரைப் பார்த்தேன். அவரே வந்து பேசினார். வேலை இன்னும் தற்காலிகம்தான் என்றார். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவரைக் குறிப்பிட்டிருந்ததை யாரோ படித்துக் காட்டியதாகவும், மனைவியிடம் கன்னடத்தில் சொல்லிக் காட்டியதாகவும் சொன்னார். அதற்கப்புறமும் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கம்பி, நரி, பால், ஐந்து நாள் தேடியது, யாரு காடு என்று அவர் கேட்டதற்கு நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"காடு உங்களுதுன்னு தெரியுங்க" என்றார். "அன்னைக்குச் சாயங்காலமே விசாரிச்சுட்டேன். வேப்பமரத்துக்கிட்டப் புது மண்ணும் பாத்தேன். எழுதிக் குடுக்கலாம்னு ரெண்டு நாளு யோசிச்சேன். சுத்தி எல்லாக் காட்டுலயும் கம்பி இருக்குது, உங்கப்பா ஒருத்தர மட்டும் எப்பிடி எழுதறது? உட்டுட்டேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆனா குட்டி இருக்குதுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதுங்க. அது இப்பத்தான் தெரியுது. ஒரு போன் பண்ணியிருக்கலாங்களே மேடம். குட்டி உசுரோட இருக்கறப்ப காடு யாருதுன்னு நான் எதுக்குங்க கேக்கப் போறேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

நாங்கள் குட்டிகளைத் தேடிய அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். பாப்பாரப்பட்டியிலேதான் வேலை, அந்த வாரம் முழுக்க அங்கேதான் இருந்தேன் என்றார். அங்கிருந்து குவாரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"வண்டியில வந்தா அர மணி நேரங்க" என்றார்.